பொட்டுக்குக் கீழே ஒரு விரல்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள், "அம்மா, வீட்ல பழைய பேப்பர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அலமாரி, பரண், கட்டிலுக்கு அடி என்று எல்லா இடமும் தேடிவிட்டேன். ஒரு தாள் இல்லை. பேப்பர் வாங்குவதை நிறுத்தி நாலைந்து வருஷமாகிறது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியில் டிஷ்யூ சுருளைப் பிரித்து மேசைமேல் விரித்தாள்.

எதற்கென்று கேட்கிறீர்களா? மீன் தொட்டிக்கு அடியில் போட. குரோம்பேட்டையில் யாரோ வீடு மாற்றுகிறார்களாம். போனில் விளம்பரம் பார்த்துவிட்டுப் போய், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். குழாயைத் திறந்து பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து ஊற்றினாள். மார்க்கர் பேனாவால் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டாள். "ரெண்டு நாள் இப்படியே இருக்கட்டும்மா. ஒழுகுதான்னு பாக்கணும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் சேகர் சோபாவிலிருந்து எழுந்திருக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கண்டிப்பா ஒழுகும். செகண்ட் ஹேண்ட் தொட்டின்னாலே ஒழுகும். அந்தப் பெருங்களத்தூர் மேனேஜர் நம்ம தலையில கட்டினானே ஒண்ணு! எங்கப்பா ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டே கண்டுபிடிச்சாரு தெரியுமா?"

தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? முப்பது வருஷத்துக்கு மேலாக வாயைத் திறக்காமல் இருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அவர் காதில் போட்டுவிடாதீர்கள்.

எண்பதுகளின் கடைசி. இரும்புலியூரில் சரோஜா அக்கா வீட்டுப் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். குளியலறை கொல்லையில். அதை மூன்று குடித்தனத்துக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நானும் சேகரும் குரோம்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்த்தோம். நான் டைப்பிஸ்ட், அவர் ஸ்டோர்ஸ். பதனிட்ட தோல் வாசனை சேலையில் ஏறிக்கொண்டால் இரண்டு துவைப்புக்கும் போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவாள், எனக்கு சீட்டு தாராளமாகக் கிடைக்கும். அந்த நாற்றத்துக்கு நடுவிலும் ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டோம் என்றால் அது காதல்தானே!

ரிஜிஸ்டர் கல்யாணம். நான் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண். சேகர் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவார்கள். என் பக்கம் ஐந்து பேர் வந்தார்கள். அவர் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. சேகரின் அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்பே தவறிவிட்டார், நான் அவரைப் பார்த்ததே இல்லை. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அரக்கோணத்தில் மூத்த பிள்ளையோடு இருந்தார். கல்யாணமாகி ஏழெட்டு மாசம் ஒரு கடுதாசிகூட இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு மே மாசம் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஆசையாக வரவில்லை. கண்புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரி மெட்ராஸில், மூத்த மருமகளோ பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். வேறு போக்கிடம் இல்லாமல்தான் வந்தார். ஆபரேஷன் முடிந்து நாற்பது நாள் எங்களோடு இருக்க வேண்டும்.

அவர் வருகிறார் என்றதும் நான் செய்த முதல் காரியம், தாம்பரம் மார்க்கெட்டில் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கியது. பிறந்ததிலிருந்து வைத்துப் பழக்கமில்லை. அந்தப் பசை எனக்கு ஒத்துக்கொள்ளவும் இல்லை, இரண்டாம் நாளே நெற்றி அரிக்க ஆரம்பித்துவிட்டது. சொறிந்துகொண்டே பொட்டு வைத்த மகராசி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "வாம்மா போம்மா" என்று கூப்பிட்டுவிட வேண்டும். நாற்பது நாளில் அது நடக்காவிட்டால் இனி எப்போதும் நடக்காது என்று எனக்குத் தோன்றியது. அதற்காக நெற்றி கொஞ்சம் அரித்தால் என்ன?

மாமா என்னோடு பேச மாட்டார். கோபமாகவும் இருக்க மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை சேகரிடம் சொல்வார். "சேகரு, காப்பி ஆறிப்போச்சின்னு சொல்லு." நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். சேகர் திரும்பி, "காப்பி ஆறிப்போச்சாம்" என்பார். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் வேடிக்கை. மாமா ரேடியோவைப் பார்த்துச் சொல்வார். "சாப்பாடு ஆச்சான்னு கேளு." ரேடியோ பாவம், அதுபாட்டுக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும். நான் அந்த ரேடியோவுக்கே பதில் சொல்வேன். "அஞ்சு நிமிஷத்துல ஆயிடும்னு சொல்லுங்க."

ஆபரேஷன் முடிந்து இடது கண்ணுக்குமேல் பச்சைத் துணி கட்டி அனுப்பினார்கள். குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, படிக்கக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது. இருமக் கூடாது, தும்மக் கூடாது. தும்மல் வந்தால் என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை. "தையல் பிரிஞ்சா கண்ணு போயிடும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். மாமா நாள் முழுக்க ஈசிசேரில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மீன் ஓடுவதைப் பார்த்தால் மனசுக்கு அமைதி என்று ஆபீசில் யாரோ சேகருக்கு ஓதிவிட்டார்கள். அடுத்த ஞாயிறே பெருங்களத்தூரில் வீடு காலி செய்துகொண்டிருந்த ஒரு பேங்க் மேனேஜரிடம் பழைய தொட்டி ஒன்றை வாங்கிவிட்டார். இப்போது மாதிரி வெறும் கண்ணாடியை ஒட்டிய தொட்டி இல்லை. இரும்பு ஆங்கிள் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, சந்தெல்லாம் ஜன்னல் கண்ணாடிக்கு அப்புகிற புட்டியால் அடைத்தது. கனமென்றால் அப்படி ஒரு கனம். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. வண்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா சார், மீனே இல்லாத பொட்டிய மீன்பாடில ஏத்திகினு வந்துகீறேன், இதுக்கு நடுவுல தண்ணி வேற இல்லாத ஊரு" என்று சிரித்தார்.

அந்த மனிதர் சொன்னது தமாஷ் இல்லை. அந்த வெயிலில் சரோஜா அக்கா வீட்டுக் கிணறு அடியில் பாறை தெரிந்தது. ஒரு குடித்தனத்துக்குக் காலையில் இரண்டு பக்கெட், அதற்குமேல் கயிற்றைத் தொடக் கூடாது. வாரம் இரண்டு தடவை லாரி வரும். தெருமுனை அடிபம்பில் விடிவதற்கு முன்னால் போனால்தான் நாலு குடம் ஊறியிருக்கும், அதற்குள் இருபது குடம் வரிசையில் நிற்கும். இந்த லட்சணத்தில் சேகர் லாரித் தண்ணீரில் ஐந்து குடத்தைக் கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்தார். சரோஜா அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாப்பா அக்குறும்பு இது! குடிக்கவே தண்ணி இல்ல, கண்ணாடிப் பொட்டிக்கு அஞ்சு கொடமா?"

"மூணு நாள்தான் அக்கா. ஒழுகலைன்னு தெரிஞ்சதும் இதையே துணி துவைக்க எடுத்துக்கலாம்."

தொட்டிக்கு அடியில் பேப்பரை நாலாக மடித்து விரித்தோம். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மட்டத்துக்கு அடையாளம் போட வேண்டுமே, கண்ணாடியில் பென்சில் எழுதவில்லை. சேகர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை உரித்துத் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒட்டினார். சிவப்புப் பொட்டு. என் நெற்றியைவிட அந்தத் தொட்டிக்கு அது பொருத்தமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. ஈசிசேரைத் தொட்டி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று மேலிருந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "மாமா, குனியாதீங்க" என்றேன். அவர் தொட்டியைப் பார்த்து, "குனியல, எட்டிப் பாக்கறேன்னு சொல்லு" என்றார். ரேடியோவிடமிருந்து அந்த வேலை தொட்டிக்கு மாறிவிட்டது. அவர் என்ன பார்த்தார் என்று பிறகு புரிந்தது. தண்ணீருக்கு அடியில் பேப்பர் எழுத்து கொஞ்சம் பெரிதாகத் தெரியும். படிக்கக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், தொட்டியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே! தலைகீழாகக் கிடந்த சினிமா விளம்பரம்வரை படித்துவிட்டார்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயம். மறுநாள் விடியற்காலை எனக்கு அந்த மூன்று நாள் ஆரம்பித்தது. பெண்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம், ஆண்கள் புரிந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கெட்டில் மூன்று பேர் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவிய வீடு அது. எனக்கு மட்டும் இன்னும் அரை பக்கெட் வேண்டும் என்று யாரிடம் கேட்பேன்? சேகரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "எதுக்கு?" என்று சத்தமாகக் கேட்பார். இருப்பது ஒரே அறை.

இன்னொன்றும் இருந்தது. மாமா வீட்டில் அந்த மூன்று நாளும் பெண்கள் அடுப்படிப் பக்கம் வர மாட்டார்கள் என்று சேகர் எப்போதோ சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அப்படி வழக்கம் கிடையாது. நான் சமைக்காவிட்டால் சமைக்க வேறு ஆளும் இல்லை. இது தெரிந்தால் என் கையால் சாப்பிடுவாரா? கட்டின கண்ணோடு அரக்கோணத்துக்கு ரயில் ஏறிவிட்டால்? நெற்றி அரித்ததெல்லாம் வீணாகப் போகுமே.

எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டி நிறையத் தண்ணீர் சும்மா நின்றது. மூன்று சொம்பு மொண்டு எடுத்தேன். அவ்வளவு பெரிய தொட்டியில் மூன்று சொம்பு எந்த மூலைக்கு என்று நினைத்தேன். கணக்கில் நான் எப்போதும் கொஞ்சம் மட்டு.

காலையில் மாமாவின் குரல் கேட்டது. "தண்ணி கொறைஞ்சிருக்கே. பொட்டுக்குக் கீழ ஒரு வெரல்."

சேகர் பல் தேய்த்த வாயோடு ஓடிவந்தார். பேப்பரைத் தடவினார். ஒரு பொட்டு ஈரமில்லை. மூலை மூலையாக விரல் வைத்துப் பார்த்தார், தீக்குச்சி கொளுத்திச் சந்தில் பிடித்துப் பார்த்தார். "பேப்பர் நனையல, தண்ணி மட்டும் கொறையுது, என்ன மாயம்டா இது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சமையல்கட்டில் சட்டினிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்ததோ, என் நெஞ்சு வெடித்ததோ.

எடுக்கக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டேன். மறுநாள் விடியற்காலை வேறு வழியில்லை. மறுபடியும் மூன்று சொம்பு. மட்டம் இரண்டு விரல் இறங்கியது. சேகர் பெருங்களத்தூர் மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தார். "படிச்ச மனுஷன், இப்படி ஏமாத்துவானா?" அந்தக் காலையில் மாமா மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எட்டியும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை சொம்போடு போனேன். தொட்டியில் தண்ணீர் பொட்டுக்கு நேராக நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அப்படியேதான் நின்றது. சேகர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சொம்பை வைத்துவிட்டு வெறுங்கையோடு கொல்லைக்குப் போனேன். குளியலறை வாசலில் ஒரு குடம் நிறையத் தண்ணீர், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது.

சரோஜா அக்காதான் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். குளித்த கையோடு போய், "ரொம்ப தேங்க்ஸ் அக்கா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நானா? நான் எங்கடி வெச்சேன்? உன் மாமனாரு நாலு மணிக்கெல்லாம் பைப்படில தண்ணி அடிச்சுகினு கீறாரு. கண்ணு ஆப்பரேசன் பண்ண மனுசன், துணி கட்டிகினு, ரெண்டு கொடம் தூக்கிகினு போறாரு! குடுய்யா நான் தூக்கறேன்னு பொம்பளைங்க கேட்டா வேணாம்ங்கறாரு. நீ இன்னா, தூங்கிகினு இருந்தியா?"

அடிபம்பை அடிக்க எவ்வளவு தம் வேண்டும் என்று அடித்தவர்களுக்குத்தான் தெரியும். தையல் பிரிந்தால் கண் போய்விடும். என்னால் ஒரு மனிதருக்குக் கண் போகப் போகிறது. "அக்கா, இவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு ஓடினேன்.

மாமா எழுந்து ஈசிசேரில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இருந்த பயத்தில் தொட்டியிடமோ ரேடியோவிடமோ சொல்லத் தோன்றவில்லை. நேராக முன்னால் போய் நின்றேன்.

"நீங்க தண்ணி அடிச்சீங்களா மாமா? டாக்டர் என்ன சொன்னாரு? கண்ணுக்கு ஏதாவது ஆனா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டாமல், உடம்போடு மெதுவாகத் திரும்பி, திறந்திருந்த ஒரு கண்ணால் என் முகத்தைப் பார்த்தார்.

"தொட்டி ஒழுகுதும்மா. அதான் ஊத்தி வெச்சேன்."

"ஒழுகல மாமா. அது வந்து..."

"ஒழுகுது" என்றார் அழுத்தமாக. "எனக்குத் தெரியும்." பிறகு, சேகர் எழுந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "ரயில்வே குவாட்டர்ஸ்ல இருந்தப்போ உங்க அத்தைக்கு நாந்தான் ரெண்டு கொடம் அடிச்சுக் குடுப்பேன். அவளும் கேக்க மாட்டா. நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ போய் வேலைக்குக் கெளம்பு."

உங்க அத்தை. நான் முகம் பார்த்திராத அந்த அம்மாவை அவர் அப்படிச் சொன்னார். "என் சம்சாரம்" என்று சொல்லவில்லை, "சேகரோட அம்மா" என்று சொல்லவில்லை. உங்க அத்தை என்றார். நான் சமையல்கட்டுக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று என் கையால்தான் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

சேகர் எழுந்து பார்த்துவிட்டு, "அப்பா, கொறையலையே!" என்று குதித்தபோது மாமா அசரவில்லை.

"நான்தான்டா சொம்புல ஊத்தினேன். ஒழுகுது."

"பேப்பர் நனையலையேப்பா?"

"அடிக்கற வெயிலுக்கு ஒழுக ஒழுகக் காஞ்சிடுது."

ரயில்வேயில் முப்பது வருஷம் இருந்தவர் சொன்னால் பிள்ளை மறுத்துப் பேசுவாரா? சேகர் நம்பிவிட்டார். எனக்கோ அந்த வாரம் முழுக்க உயிர் என்னிடம் இல்லை. மாமாவின் கண் மறுநாள் செக்கச்செவேலென்று இருந்தது. வேளை தவறாமல் நான்தான் மருந்து விட்டேன். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு ஜெபம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வெயிட் ஏதாவது தூக்கினீங்களா?" என்றார். மாமா, "தும்மிட்டேன் டாக்டர்" என்றார். தையல் பிரியவில்லை. கர்த்தர்தான் காப்பாற்றினார். திரும்பி வருகையில் மாமா பல்லாவரம் தாண்டும்போது ரயிலிலிருந்தே மலைக்கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாராக இருந்தாலும் சரி, கண் பிழைத்தது.

தொட்டிதான் பிழைக்கவில்லை. அடுத்த ஞாயிறு சேகர் தண்ணீரைத் துணி துவைக்கக் கொடுத்துவிட்டு, ஒழுகாத தொட்டியின் பழைய புட்டியை எல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தார். புதுப் புட்டியைப் பிசைந்து நாலு பக்கமும் அப்பினார். இரண்டு நாள் காய விட்டு மறுபடியும் லாரித் தண்ணீரை ஊற்றினார். இந்தத் தடவை பேப்பர் நனைந்தது, மேசை நனைந்தது, ஈசிசேருக்கு அடியில் இருந்த செருப்பு மிதந்தது. மாமா காலை மேலே தூக்கிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சேகர் துணியைப் பிழிந்துகொண்டே பெருங்களத்தூர் மேனேஜரின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். அந்த நல்ல மனுஷருக்கு அன்றைக்கு எத்தனை தடவை புரையேறியதோ.

நாற்பது நாள் முடிந்து தாம்பரம் ஸ்டேஷனில் வண்டிக்கு நின்றபோது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பொட்டெல்லாம் எனக்காக வேணாம்மா. நெத்தி செவந்து கெடக்கு பாரு." புதுக் கண்ணாடிகூட இன்னும் போடாத மனுஷருக்கு அது எப்படித் தெரிந்ததோ. அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் எங்களிடம் வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போனார். ரேடியோவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்தத் தொட்டியில் கடைசிவரை ஒரு மீன் நீந்தவில்லை. கொல்லையில் கிடந்து, துருப்பிடித்து, ஒருநாள் பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. அவர் தூக்கும்போதும் கண்ணாடியில் அந்தப் பொட்டு வெளுத்துப் போய் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. மாமா போயும் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சரோஜா அக்கா வீடு இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது, கிணற்றை மூடி அதன்மேல் கார் நிறுத்துகிறார்கள். அடிபம்பு கொஞ்ச நாள் கைப்பிடி இல்லாமல் மொட்டையாக நின்றது. ரோட்டை மேலே மேலே போட்டதில் அதுவும் உள்ளே போய்விட்டது. நாங்கள் முடிச்சூருக்கு வந்து, அழைக்காமலே தண்ணீர் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தையும் பார்த்தாயிற்று. இப்போது ஸ்விட்சைத் தட்டினால் மேல்தொட்டி நிறைகிறது.

செவ்வாய்க்கிழமை காலை மகள் கூவினாள். "அம்மா, வந்து பாரு! கோட்டுக்கு நேரா நிக்குது, துளிகூடக் கொறையல. நல்ல தொட்டி!" சேகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, டிஷ்யூவைத் தடவிப் பார்த்து, "எங்கப்பா இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பாரு" என்று முனகிக்கொண்டே போனார்.

நான் கொஞ்ச நேரம் தொட்டி முன்னால் நின்றேன். கையில் காப்பி டம்ளர் இருந்தது. இந்த வீட்டில் அதிலிருந்து ஒரு சொம்பு எடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எடுத்தாலும், ஊற்றி வைக்க ஆளில்லை.